பத்து மணி வெயில்

மதுக்கரை,
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கீதா எழுதுகிறேன். இங்கே நான், அவர், ரித்திகா மூவரும் நன்றாக இருக்கிறோம். தலைகுந்தாவில் இப்போதே குளிர் ஆரம்பித்திருக்குமே, உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்திருக்கிறீர்களா?

போன வாரம் பதினேழு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. உங்களுக்குப் பெயிண்டில் கலக்கும் தின்னர் கொண்டுவரும் வேன் டிரைவர் ராமுலுவிடம், "காயிதத்துல எழுதச் சொல்லு. எழுத்துல இருந்தாத்தான் நாளைக்கு யாரும் பேச்சை மாத்த முடியாது" என்று சொல்லி அனுப்பினீர்களாம். சரி, எழுதுகிறேன்.

ரித்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் வீடு பெருந்துறை. மாசியில் முகூர்த்தம். அதற்கு முன்னால், கல்யாணமான பெண்ணுக்குச் செய்கிற அந்த எழுதிங்கள் சீர் எனக்கு முடிய வேண்டும். இத்தனை வருஷம் தள்ளிப்போட்டாயிற்று, இனி முடியாது. பிறந்த வீட்டார் வந்து செய்யாமல் அது சீர் ஆகாது. அது முடியாத தாய், மகள் கல்யாணத்தில் எந்தச் சீரிலும் கை வைக்க முடியாது. விருந்துக்கு வந்த ஒறம்பரைக் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் எனக்கு நீங்கள் ஒருவர்தான்.

என் மாமியார், "பங்காளி முறையில குமாரசாமி இருக்கறானல்ல அம்மணி, அவனை வந்து நிக்கச் சொல்லிப்போடலாம்" என்றார். "எங்கண்ணன் உசுரோட இருக்கறாருங்க அத்தை" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பிப்ரவரி ஆறாம் தேதி, தை வெள்ளி. வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். குளிர் நேரத்தில் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
கீதா


தலைகுந்தா, ஊட்டி,
30 அக்டோபர் 2025

தங்கை கீதாவுக்கு,

மூட்டு வலி இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது. வேலை நடக்கிறது. உனக்கும் குழந்தைக்கும் என் ஆசி. நல்ல இடம் அமைந்ததில் சந்தோஷம்.

நான் வர மாட்டேன். காரணத்தைப் பதினோரு வருஷமாக நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

மதுக்கரைக் கடையை நானும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்தினோம். வேதியியல் படித்தவன் நான். பெயிண்ட் கலப்பது என் வேலை. பெயிண்ட் பீய்ச்சும் கன்னைப் பிடித்து அடிப்பது அவர் வேலை. 2014 டிசம்பரில் ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவர் தம்முடைய வெள்ளி நிறக் காருக்குப் பெயிண்ட் அடிக்க நம்மைக் கூப்பிட்டார். அது நன்றாக அமைந்தால் எஸ்டேட் வண்டிகள் அத்தனையும் நமக்கு. காரைக் கீழே அனுப்ப மாட்டேன், இங்கேயே வந்து அடியுங்கள் என்றார். அரையாண்டு லீவு என்று நீயும் ரித்திகாவும்கூட வந்தீர்கள்.

முதல் நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் அளந்து, அளவை எழுதி, டின்களில் ஒட்டி வைத்தேன். "பத்து மணி வெயில் கூரையில உழுகற வரைக்கும் டின்னைத் தெறக்காதீங்க மாப்பிள்ளை" என்று இரண்டு முறை சொன்னேன். பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் கடைசிப் பூச்சுக்குப் போதாது என்று விடிவதற்குள் மேட்டுப்பாளையம் இறங்கினேன். மதியம் திரும்பி வந்தால், கார்மேல் யாரோ மோரை ஊற்றிவிட்டது போல் இருந்தது. பளபளப்பு இல்லை. வெள்ளி இல்லை. எஸ்டேட்காரர், "நீங்கதான் கலக்கினவருங்களா? எந்தக் காலேஜுல படிச்சீங்க?" என்றார். அவருடைய ஆட்கள் ஐந்து பேர் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர், "கலவை தப்பாப் போச்சுங்க" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். என் முன்னாலும் அதை மறுக்கவில்லை.

அன்றோடு கடையை விட்டேன். கீழே இறங்கவும் இல்லை. "ஊட்டிக் குளிருல பெயிண்டு நிக்காதுங்க" என்று அவர் ஊரெல்லாம் சொன்னாராம். ஊட்டியிலேயே அதிகப் பனி விழுகிற இடம் எது என்று விசாரித்து, தலைகுந்தாவில் கொட்டகை போட்டேன். பத்து மார்கழி பார்த்தாயிற்று. ஒரு வண்டி திரும்பி வந்ததில்லை.

அவர் ஏழு மணிக்கே டின்னைத் திறந்தார். விஷயம் அவ்வளவுதான். அதை அவர் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். தாள் வந்த மறுநாள் சீர்த் தட்டு எடுக்க ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் குமாரசாமியை நிறுத்திக்கொள். நல்லவன். உயரமும் என் உயரம்தான்.

உன் அண்ணன்,
கிருபாசங்கர்


தலைகுந்தா,
30 அக்டோபர் 2025

மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு,

என் தங்கை நலம் என்று எழுதியிருக்கிறாள். அதனால் நீங்களும் நலமாக இருப்பீர்கள். அவள் சமையல் அப்படி.

இங்குள்ள வண்டி பெயிண்டர்கள் சங்கத்தில் குளிர்காலத்துக்கு ஒரு அறிவிப்புத் தாள் எழுதித் தரச் சொன்னார்கள். பெயிண்ட் நிற்காது என்று நீங்கள் கீழே போய்ச் சொன்ன இதே ஊரில், எப்படி நிற்க வைப்பது என்று எழுத என்னைத்தான் தேடி வந்தார்கள். மொத்தம் ஒன்பது விதி. அச்சுக்குப் போகும் முன் உங்களுக்கு அனுப்புகிறேன்.

ஒன்று, டின்னைச் சிமெண்ட் தரையில் வைக்காதே, தரைக் குளிர் அடியிலிருந்து ஏறும். பலகை மேல் வை. இரண்டு, ராத்திரி கொட்டகையில் விடாமல் கதகதப்பான உள் அறையில் பூட்டு. ஆள் படுக்கிற அறையில் வேண்டாம். மூன்று, தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் ஒருமுறை உறைந்துவிட்டால் திரிந்த பால்தான். கலக்கிப் பார்க்காதே, ஒதுக்கி வை. நான்கு, ஹார்ட்னர் டின்னை எடுத்த கையோடு இறுக மூடு. ஈரக்காற்று பட்டுக் கலங்கியிருந்தால் தொடாதே. ஐந்து, குளிர்ந்த டின்னை மூடியபடியே வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்து, துடைத்துவிட்டுத் திற. அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. ஆறு, பெயிண்ட் கெட்டியாக இருக்கிறதென்று தின்னரை ஊற்றாதே. அது கெட்டி இல்லை, குளிர். ஊற்றினால் வழியும், வெள்ளித் தூள் அடியில் இறங்கி நிறம் கறுக்கும். ஏழு, வண்டியை முதல் நாளே உள்ளே கொண்டுவா. பெயிண்ட் மட்டும் சூடாகித் தகடு குளிர்ந்திருந்தால் பயனில்லை. எட்டு, மெல்லிய பூச்சாக அடி, கீழே ஊரில் காத்திருப்பதைப் போல் இரண்டு மடங்கு காத்திரு. ஒன்பது, பத்து மணி வெயிலுக்கு முன் ஆரம்பிக்காதே, மூன்று மணிக்கு மேல் தொடராதே.

இதில் நீங்கள் அன்று மீறியது எந்த விதி? எண்ணை மட்டும் குறித்து, கீழே கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். நான் ஒன்பது என்று நினைக்கிறேன். ஆறும் இருக்கலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லவும்.

கிருபாசங்கர், எம்.எஸ்ஸி.


மதுக்கரை,
29 நவம்பர் 2025

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் கண் ஆபரேஷன் ஆனது, இப்போது பரவாயில்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது நான்காவது தாள். உங்களைப் போல எழுத எனக்கு வராது. நீங்கள் எழுதினால் திட்டுவதுகூடப் புத்தகத்தில் வருவது போல் இருக்கிறது.

தாளைப் படித்தேன். நம்ம பெயிண்டர் காளிச்சாமியையும் படிக்க வைத்தேன். "பெரியவரு கோபக்காரருங்க, ஆனா ஒரு வரி தப்பு இல்லீங்" என்றான். உண்மைதான். ஐந்தாம் விதி நானே இப்போதுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் மச்சான், அன்று நான் ஒன்பதில் ஒன்றையும் மீறவில்லை. டின் பலகை மேல்தான் இருந்தது. கார் முதல் நாள் ராத்திரியே உள்ளே வந்துவிட்டது. தகடு சூடாகட்டும் என்று நான்கு பெரிய விளக்கை எரியவிட்டு, கதவைச் சாத்திவைத்தேன். கன்னைக் கையில் எடுத்தபோது மணி பத்தேகால். என் கை பிசகவில்லை. பிசகியது என்று நான் எங்கேயும் எழுதித் தர மாட்டேன். ரித்திகா கல்யாணமே நின்றாலும் தர மாட்டேன்.

இன்னொன்று. உங்கள் தாளில் ஒரு விதி குறைகிறது. எது என்று கேட்காதீர்கள். கேட்டாலும் என் வாயில் வராது.

நீங்கள் சீருக்கு வர வேண்டும். எனக்காக இல்லை. அவளுக்காக. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இப்படிக்கு,
அருள்குமார்


தலைகுந்தா,
5 டிசம்பர் 2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் பொறுமை இல்லை. எல்லாரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் தாளில் ஒரு விதி குறைகிறதா? கல்லூரியில் ஐந்து வருஷம், உங்கள் கடையில் பன்னிரண்டு வருஷம், இந்தப் பனியில் பதினோரு வருஷம். இதில் எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லவும் மாட்டீர்கள். நல்ல தந்திரம். தாளில் குற்றம் சொல்லிவிட்டால் தாள் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம் அல்லவா?

நான்கு நாள் யோசித்தேன். கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் சேர்ந்ததைச் சொல்கிறீர்களா? அதை நானே முதல் நாள் வடித்தேன். டின்களைக் கலக்காமல் விட்டதையா? காளிச்சாமிக்குக்கூடத் தெரிந்த விஷயம். வேறு என்ன? இங்கே சங்கத்துக்காரர்கள் அச்சுக்கு அவசரப்படுகிறார்கள். உங்கள் ஒரு வரியால் நிறுத்தி வைத்திருக்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

பத்தேகால் என்கிறீர்கள். நம்ப மாட்டேன். பத்தேகால் வெயிலில் என் கலவை மோராகாது. ஒன்று கலவை பொய், இல்லை உங்கள் கடிகாரம் பொய். என் கலவையை எனக்குத் தெரியும்.

சீருக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். அவள் சாப்பிடுவதில்லை என்பதை எனக்கு எழுதுவதற்குப் பதில் ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதியிருந்தால் அவள் இந்நேரம் சாப்பிட்டிருப்பாள்.

அத்தையின் கண்ணுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விடவும்.

கிருபாசங்கர்


மதுக்கரை,
26 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நன்றாக இருக்கிறீர்களா? அங்கே உறைபனி விழுகிறது என்று டிவியில் காட்டினார்கள். புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி இருந்தது. மூன்று போர்வையும் தைலமும் ராமுலுவிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்னங்க எழுதியிருக்கறாரு எங்கண்ணன்?" என்றேன். "ஒன்னுமில்ல, பெயிண்டு சோலி" என்றார். "பெயிண்டு சோலிக்கு மொகம் ஏனுங்க இப்படி இருக்குது?" என்றால், "செரி செரி, கடையில ஆளு நிக்குது பாரு" என்று எழுந்து போய்விட்டார். கடையில் ஆளே இல்லை.

இரண்டு பேரும் என்னைச் சுற்றி என்ன விளையாடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். குமாரசாமி வேண்டாம். நீங்கள் வராவிட்டால் சீரே வேண்டாம். மகள் கல்யாணத்தில் கூட்டத்தோடு நிற்பேன். யாராவது ஏன் என்று கேட்டால், எங்கண்ணன் வரவில்லை என்று சத்தமாகச் சொல்வேன். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். எனக்கும் பிடிவாதம் தெரியும்.

மண்டபத்துத் திரையில் போட ரித்திகாவின் சின்ன வயசுப் போட்டோக்களைத் தேடினோம். ஊட்டி போட்டோ ஒன்று கிடைத்தது. வேலை ஆரம்பிக்கும் முன் எஸ்டேட் ஆள் ஒருவர் எடுத்துக் கொடுத்தது. உங்களுக்கு ஒரு பிரதி இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்கள் அதில் இல்லை, கீழே போயிருந்தீர்கள். கொட்டகைக்குள் நான் போட்ட கோலத்தைப் பாருங்கள். அந்தக் குளிரில் விரல் மரத்துப்போய்ப் போட்டது. எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது!

போர்வையை அலமாரியில் வைக்காதீர்கள்.

கீதா


தலைகுந்தா,
11 ஜனவரி 2026

மாப்பிள்ளைக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. கடையில் தபாலை வாங்குகிறவள் கீதா. ராமுலு உங்கள் கையில் மட்டும் கொடுப்பான். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

போட்டோ வந்தது. முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிஷம். டின்கள் பலகை மேல், மூடி திறக்காமல் இருக்கின்றன. ஆக, ஏழு மணி என்று நான் சொன்னது தவறு. இதை இன்னொரு முறை எழுத மாட்டேன்.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். கருங்கல்லாகப் பளபளக்கிறது. நான்கு விளக்கும் தரையில் தலைகீழாகத் தெரிகின்றன. கோலத்தின் ஓரம் ஈரத்தில் கரைந்திருக்கிறது. ரித்திகா கையில் குடம்.

மார்கழி. வேலை தொடங்கும் நாள். கீதா நம் கடையில் தினமும் செய்வதைத்தான் அங்கேயும் செய்திருக்கிறாள். சிமெண்டுத் தூசி பறக்கும் மதுக்கரையில் தரையைத் தெளிக்காமல் நாம் ஒரு நாளும் கன்னைத் தொட்டதில்லை. தூசி அடங்க நல்லது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

என் கொட்டகையில் பலகைத் தரை. தெளிப்பதற்கு ஆளும் இல்லை. அதனால் பதினோரு வருஷத்தில் இது என் புத்தியில் படவேயில்லை.

நேற்று பக்கத்து வண்டிக் கொட்டகையில், சிமெண்ட் தரையில், பழைய கார்க்கதவு இரண்டை நிறுத்தினேன். உங்களைப் போலவே விளக்கை எரியவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தினேன். பத்தரைக்கு அடித்தேன். காய்ந்த தரையில் நின்ற கதவில் என் முகம் தெரிந்தது. பிறகு இரண்டு குடம் தண்ணீர் தெளித்து அடுத்ததை அடித்தேன். விளக்குச் சூட்டில் தரை ஆவி விட்டது. ஆவி குளிர்ந்த தகட்டில் போய் உட்கார்ந்தது. மோர்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றே உங்களுக்குத் தெரியுமா?

கிருபாசங்கர்


மதுக்கரை,
16 ஜனவரி 2026

மச்சானுக்கு,

பொங்கல் முடிந்து, எல்லாரும் தோட்டத்துக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். நலம்தான்.

தெரியும். முதல் பூச்சு விழுந்ததும் கதவுத் தகடு வேர்த்தது. திரும்பிப் பார்த்தேன், கோலத்தில் பாதி இல்லை. அப்போதுதான் புரிந்தது. புரிந்த நிமிஷத்தில் எஸ்டேட்காரர் உள்ளே வந்து, "யாரோட தப்புங்க இது?" என்று கத்தினார். கீதா என் பக்கத்தில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றாள். "நல்லாத் தெளிச்சுக் கோலம் போட்டுத்தானுங்க ஆரம்பிச்சோம், ஏனுங்க இப்படி ஆகிப்போச்சு?" என்று என்னையே கேட்டாள்.

என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. படிப்பில்லாத பெயிண்டருக்குக் கையை விட்டால் என்ன இருக்கிறது? அவளைக் காட்டவும் மனசில்லை. அங்கே இல்லாத ஆள் நீங்கள்தான். உங்கள்மேல் போட்டுவிட்டேன். சாயங்காலம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நீங்கள் இல்லை.

பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால், அண்ணன் வீட்டை விட்டுப் போனது தன்னால்தான் என்று நினைப்பாள். தினமும் காலையில் குடத்தை எடுக்கிறவள், எடுக்கும்போதெல்லாம் நினைப்பாள். அதற்கு நீங்கள் என்னைத் திட்டுவதே மேல் என்று விட்டுவிட்டேன்.

நான் செய்தது நியாயம் இல்லை. அது எனக்குத் தெரியும். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

அருள்குமார்


தலைகுந்தா,
21 ஜனவரி 2026

தங்கை கீதாவுக்கு,

போர்வைகள் வந்தன, போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எஸ்டேட்காரர் காருக்கு நான் போட்ட அளவில் ஹார்ட்னர் கணக்கு பிசகியிருக்கிறது. கலவை தவறு. மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. அவர் பத்து மணிக்குப் பிறகுதான் அடித்தார். என் தவறை அவர்மேல் போட்டு இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டேன். நான் கேட்ட தாள் இதுதான். எழுதுகிற ஆள்தான் மாறிவிட்டான். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

தை வெள்ளிக்கு வருகிறேன். தட்டு எத்தனை, சேலை என்ன நிறம் என்று எழுது. இதைப் பற்றி மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்க வேண்டாம். முடிந்த விஷயம்.

ரித்திகாவுக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
கி. கிருபாசங்கர், எம்.எஸ்ஸி.


மதுக்கரை,
29 ஜனவரி 2026

அண்ணா,

நான் சுகமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அப்புறம் கேட்கிறேன்.

உங்கள் தாளைப் படித்ததும் பொய் என்று தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் சைக்கிளைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் மோதிவிட்டு, "மரந்தாங்கப்பா குறுக்க நின்னுச்சு" என்று அப்பாவிடம் சொன்னவர் நீங்கள். உங்கள் கையால் 'என் தவறு' என்று எழுதினால், யாரோ ஒருவருக்காகத்தான் எழுதியிருப்பீர்கள். அவருக்காக எழுத மாட்டீர்கள். அப்புறம் யார் மிச்சம்?

அவர் சாப்பிடும்போது போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, எங்கண்ணன் தப்பை ஒத்துக்கிட்டாருங்க."

"செரி. போச்சாது, உடு."

"பதினோரு வருசச் சண்டைல செயிச்சிருக்கறீங்க. ஒரு சிரிப்புக்கூடக் காணோமுங்களே?"

நான் போட்டோவைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணா. ஈரத்தில் பெயிண்ட் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியும். அந்தப் போட்டோவில் நான் கோலத்தைப் பார்த்தேன், என் முகத்தைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை. "தெளிச்சது நானுங்களா?" என்றேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார். சோறு பாதிகூட முடியவில்லை. அது போதும் எனக்கு.

இரண்டு குடம் தண்ணீர். அன்றைக்கே, "அம்மணி, நீ தெளிச்சதுல கெட்டுப்போச்சு" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் உங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்திருப்பேன். எனக்கு வலிக்கும் என்று அவராக முடிவு செய்தார். அவர் மன்னிப்பு எழுதித் தந்தால்தான் தங்கை முகத்தைப் பார்ப்பேன் என்று நீங்களாக முடிவு செய்தீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு இன்னொரு பொய் சொல்கிறீர்கள், அதுவும் என் நல்லதுக்காம்!

உங்கள் தாளைக் கிழித்துவிட்டேன். அவரோடு மூன்று நாளாகப் பேசவில்லை. நான்காம் நாள் பேசுவேன், கல்யாண வேலை இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் ஒன்பது விதித் தாளை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்தேன். பத்தாவது விதியைப் போடுங்கள். என் பேரில் போடுங்கள். தெளித்தது நான்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதற்காக வாசல் தெளிப்பதை நிறுத்தவும் மாட்டேன். சீர் அன்றைக்கு விடியலில் இரண்டு குடம் இல்லை, நாலு குடம் தெளித்துக் கோலம் போடப் போகிறேன். வருகிறவர் அதை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

சேலை அரக்கு நிறம். தட்டு உங்கள் இஷ்டம்.

உங்கள் தங்கை,
கீதா


தலைகுந்தா,
2 பிப்ரவரி 2026

கீதாவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நீ கேட்க மறந்தாலும்.

அறிவிப்புத் தாள் இன்று அச்சாகி வந்தது. ஒன்று இத்துடன் இருக்கிறது. கடைசி வரியைப் பார்: "பத்து, வேலை நாளில் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளிக்காதே. இதைக் கண்டறிந்தவர்: கீதா அருள்குமார், மதுக்கரை." சங்கத் தலைவர், "பொம்பளை பேரு எதுக்குங்க?" என்றார். அந்தப் பேர் இல்லாவிட்டால் மற்ற ஒன்பதையும் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அச்சடித்தார்கள். நீலகிரியில் ஒவ்வொரு கொட்டகைச் சுவரிலும் ஒட்டப் போகிறார்கள்.

மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபம் தீரவில்லை. முன்பு இருந்தது ஒரு கோபம், இது வேறு. அதைச் சீர் முடிந்த பிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன். இனி அவருக்கு நான் கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லிவை.

அரக்குச் சேலை வாங்கிவிட்டேன். வெள்ளியன்று ராமுலு வேனில் வருகிறேன். பத்து மணி வெயில் எல்லாம் வண்டிக்குத்தான். நான் ஆறு மணிக்கே வாசலில் இருப்பேன். ஈரம் காய்ந்திருக்கக் கூடாது.

உன் அண்ணன்,
கிருபாசங்கர்